வயலும் சேனையும்: வானலைப் பங்கீட்டின் வரலாறு

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரமாகச் செல்லும் பெருந்தெரு, நிந்தவூரையும் ஒலுவிலையும் பாலமுனையையும் கடந்து அட்டாளைச்சேனையை அடைகிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல். இவ்வூரின் பெயரிலேயே பழைய வாழ்வொன்று பொதிந்து கிடக்கிறது. அட்டாளை என்பது காவற்பரண். சேனை என்பது காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிடும் மேட்டு நிலம். இரவு முழுவதும் பரணில் விழித்திருந்து, யானை வருகிறதா, பன்றி வருகிறதா என்று செவிசாய்த்துக் கேட்டவனின் உழைப்பே சேனையின் விளைச்சலாயிற்று.

வயலுக்கும் சேனைக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வயலுக்கு வரப்பு உண்டு, உறுதி உண்டு, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் உரிமை உண்டு. விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் அது ஒருவனுக்கே உரியது. சேனைக்கோ நிலைத்த வரப்பு இல்லை. ஒரு போகம், இரண்டு போகம் விளைந்தபின் அந்நிலம் ஓய்வுக்கு விடப்படும். பயிரிடுபவன் வேறிடம் நாடுவான். வயல் முறை, சேனை முறை என்னும் இவ்விரண்டுக்குமிடையேதான், சென்ற நூறாண்டுகளாக உலகம் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு நிலத்தைப் பங்கிட முயன்று வந்திருக்கிறது. அந்நிலம் வானலைவெளி.

வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, கப்பலின் ராடார் ஆகிய யாவும் மின்காந்த அலைகளால் இயங்குவன. ஓர் அலை ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். சந்தை இரைச்சலில் குரல் அமிழ்வது போல அலையில் அலை அமிழ்ந்துவிடும். எனவே, வானலையில் பேசக் கற்ற நாளிலிருந்தே பங்கீட்டுச் சிக்கலும் மனிதனைத் தொடர்ந்து வந்தது.

1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கம்பியில்லா அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்திக் காட்டினார். அதே காலத்தில் மார்க்கோனி இத்தாலியிலும் பின்னர் இங்கிலாந்திலும் கம்பியில்லாத் தந்தியை வளர்த்தார். தொடக்கக் கருவிகள் பொறியைத் தெறிக்கவிட்டு அலையை எழுப்பின. அவ்வலை பல அதிர்வெண்களில் பரந்து சிதறிற்று. 1900ஆம் ஆண்டில் மார்க்கோனி ‘7777’ என்னும் இலக்கமுள்ள புகழ்பெற்ற காப்புரிமையைப் பெற்றார். அனுப்பும் கருவியையும் பெறும் கருவியையும் ஒரே அதிர்வுக்கு இசைவிக்கும் முறை அது. இனி எவரும் இடையில் புகமுடியாது என்று அவரைச் சார்ந்தோர் நம்பினர். ஆனால் 1903 ஜூன் மாதத்தில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மண்டபத்தில் பேராசிரியர் பிளெமிங் மார்க்கோனியின் கருவியைச் செயல்விளக்கம் செய்துகொண்டிருந்தபோது, நெவில் மாஸ்கெலின் என்னும் மாயவித்தைக்காரர் அருகிலிருந்து எளிய கருவியொன்றால் அலையெழுப்பி, கேலிச் சொற்களை அக்கருவியிலேயே விழச் செய்தார். வானவெளிக்குப் பூட்டு இல்லை என்பதை உலகம் அன்று கண்டது.

அதற்கு முந்திய ஆண்டில் வேறொரு தகராறு மூண்டிருந்தது. ஜேர்மன் சக்கரவர்த்தியின் சகோதரர் இளவரசர் ஹென்றி அமெரிக்காவிலிருந்து கப்பலில் திரும்புகையில் அனுப்ப விரும்பிய செய்தியை, அக்கப்பலின் கருவி வேறு நிறுவனத்தாருடையது என்ற காரணத்தால் மார்க்கோனி நிலையங்கள் ஏற்க மறுத்தன. இதன் விளைவாகவே 1903இல் பேர்லின் நகரில் நாடுகள் கூடின. 1906இல் மீண்டும் அங்கே கூடி முதலாவது சர்வதேச வானொலித் தந்தி உடன்படிக்கையைச் செய்தன. அபாயக் குறியாக எஸ்.ஓ.எஸ். ஏற்கப்பட்டதும் அப்போதுதான்.

உடன்படிக்கை ஏட்டில் இருந்தது, கடலில் இல்லை. 1912 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு, அருகே பனிப்பாறைகள் உள்ளன என்று ‘கலிபோர்னியன்’ கப்பலின் தந்தியாளர் டைட்டானிக்கிற்கு அறிவிக்க முயன்றார். பயணிகளின் செய்திகளைக் கரை நிலையத்திற்கு அனுப்பிக்கொண்டிருந்த டைட்டானிக் தந்தியாளரின் செவியில் அவ்வலை உரத்து இடித்தது. அவர் அதட்டி நிறுத்தச் சொன்னார். சிறிது நேரத்தில் கலிபோர்னியன் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். நள்ளிரவை அண்டிய வேளையில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதிற்று. ஆயிரத்து ஐந்நூறு பேர்வரை மாண்டனர். அவ்வாண்டே அமெரிக்கா வானொலிச் சட்டத்தை இயற்றி, உத்தரவுப் பத்திரம் இன்றி எவரும் அலை எழுப்பலாகாது என்று விதித்தது. வானவெளியின் முதல் வரப்பு கடலில் மாண்டோரின் நினைவின்மீது இடப்பட்டது எனலாம்.

1927இல் வாஷிங்டன் மாநாடு, கப்பலுக்கு இவ்வளவு, விமானத்துக்கு இவ்வளவு, ஒலிபரப்புக்கு இவ்வளவு என்று அதிர்வெண் அட்டவணையை வகுத்தது. 1947இல் அட்லாண்டிக் சிற்றி மாநாடு உலகை மூன்று வலயங்களாகப் பிரித்தது. இந்தியாவும் இலங்கையும் மூன்றாம் வலயத்தைச் சேர்ந்தன. இவ்வாறு வானவெளி முழுவதும் வயல் முறைக்கு வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமையாளன். ஒவ்வோர் உரிமையாளனுக்கும் ஓர் உத்தரவுப் பத்திரம்.

இலங்கையில் இக்கதை கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றில் தொடங்கியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அலைபரப்பியை அமைத்து, இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது; படையினருக்காக ‘ரேடியோ சீக்’ என்னும் வலிமைமிக்க நிலையம் எழுந்தது. போருக்குப்பின் அச்சாதனங்கள் இலங்கையிடம் வர, இலங்கை வானொலி ஆசியா முழுவதும் கேட்கும் நிலையமாயிற்று. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் கொழும்பை நாடினர். அதற்கு மறுமொழியாகவே 1957 ஒக்டோபர் 3ஆம் திகதி ‘விவித பாரதி’ பிறந்தது. பாக்கு நீரிணையில் கப்பலுக்குச் சுங்கம் இருந்தது, பாட்டுக்கு இருக்கவில்லை.

இதற்குக் காரணம் இயற்கையின் அமைப்பு. வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்குகள் உள்ளன. 1924இல் எட்வர்ட் அப்பிள்டன் அவற்றைச் சோதனையால் நிறுவினார். அதற்காக 1947இல் நோபெல் பரிசு பெற்றார். பகலில் கீழடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடும். இரவில் அவ்வடுக்கு மறைய, அலை மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் விழும். அதனால்தான் கிழக்குக் கரையின் இரவுகளில், பகலில் கேளாத அயல்நாட்டு நிலையங்கள் வானொலிப் பெட்டியில் ஒன்றன்மேலொன்றாக வந்து மோதின. இம்மோதலைத் தணிக்கவே 1975இல் ஜெனீவாவில் நாடுகள் கூடி, மத்திய அலை நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி வகுத்தன. 1978 நவம்பர் 23 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் தமிழகக் கடலோரத்தார் அதைக் கண்டு மகிழ்ந்தனர். பின்னர் கொடைக்கானல் நிலையத்தின் படம் வட இலங்கை வீடுகளில் தெரிந்தது. கடலின் ஈரக்காற்றுக்கு மேலே வெப்பமான உலர்காற்று படியும்போது, இடையில் குழாய் போன்ற பாதை அமைந்து அலையை நெடுந்தூரம் இட்டுச்செல்லும். வரைபடத்தில் கோடு கிழித்தவர் அறிந்த எல்லையை அலை அறியவில்லை.

வரப்பு இட்டதால் மோதல் குறைந்தது. ஆனால் புதிய குறையொன்று தோன்றியது. ஒருவனுக்கு ஒதுக்கிய அலைவரிசை அவன் பேசாத நேரத்திலும் வெறுமையாகவே கிடந்தது. நகரத்தை எண்ணி வகுத்த தொலைக்காட்சி வரிசை நாட்டுப்புறத்தில் பாழாய்க் கிடந்தது. 1959இல் ரொனால்ட் கோஸ் என்னும் பொருளியலறிஞர், அலைவரிசையை நிலம்போல் விற்கலாமே என்று எழுதியபோது பலர் நகைத்தனர். 1990களில் நியூசிலாந்தும் அமெரிக்காவும் அதைச் செய்தே காட்டின. இந்தியாவிலோ 1995இல் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2012 பெப்ரவரியில் 122 அலைக்கற்றை உரிமங்களை ஒரே தீர்ப்பில் இரத்துச் செய்தது. விற்பதா, கொடுப்பதா என்ற வழக்கு ஓங்கியிருந்த வேளையிலும், விற்றபின் வெறுமையாகக் கிடப்பதை என்செய்வது என்ற வினா எஞ்சியே நின்றது. 2002இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு அமைத்த செயற்குழு, அலைவரிசைக்குப் பஞ்சம் என்பதைவிட அதை அணுகும் வழிக்கே பஞ்சம் என்னும் பொருள்பட அறிக்கை தந்தது.

இவ்வினா கிழக்கிலங்கைக்குப் புதியதன்று. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் மேல்மடை வயல்களில் நீர் வழிந்தோடக் கடைமடை வயல்கள் வறண்ட காலம் உண்டு. 1981இல் நீர்த்தேக்கம் மிகவும் குறைந்திருந்தபோது உழவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, முறை வகுத்து நீர் விட்டனர். மேல்மடையார் பெரும்பாலும் சிங்களர்; கடைமடையார் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். ஆயினும் தமக்கு வேண்டாத நேரத்தில் மதகை அடைத்துக் கீழே விடுவது என்ற ஒழுங்கு அங்கே உருவாயிற்று. நீர் பெருகவில்லை, வீண்போன நீர் குறைந்தது. அவ்வளவே.

கரைவலையிலும் இவ்வழக்கம் உண்டு. வலைபோடும் கடற்பகுதிக்குப் ‘பாடு’ என்று பெயர். ஒரு பாட்டில் பல வலைகள் முறைவைத்து இறங்கும். ஒருவன் முறையில் மற்றவன் குறுக்கே வளைக்கமாட்டான். தென்னிலங்கையின் மாவெல்லைக் கரையிலும் இவ்வாறே முறை இருந்தது. ஆனால் அங்கே புதிய வலைகள் நுழைவதைத் தடுக்க எவராலும் இயலவில்லை. முறை ஒழுங்காக நடந்தது. முறை வருவதற்கான நாள்கள் மட்டும் நீண்டுகொண்டே சென்றன. ஒவ்வொரு வலையின் பங்கும் தேய்ந்தது. கல்லோயாவையும் மாவெல்லையையும் தமது 1990ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்ட எலினோர் ஒஸ்ட்ரோம், 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். பங்கிடும் முறை நன்றாயிருந்தால் மட்டும் போதாது, பங்குக்கு வருவோரின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டு வேண்டும் என்பது மாவெல்லை தரும் பாடம். வானலைக்கும் அது பொருந்தும்.

வானலையில் சேனை முறையை முதலில் முயன்றவர்களுள் ஒருவர் நோர்மன் ஏபிரம்சன். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் தீவுகளிலிருந்த கணிப்பொறிகளை ஒரே அலைவரிசையில் அவர் இணைத்தார். எவரும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். மோதினால் சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்பலாம். ‘அலோஹா’ எனப்பட்ட இம்முறையில் அலைவரிசையின் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கே பயன்பட்டது. நேரத்தைச் சம துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று விதித்தபோது அது முப்பத்தேழாக இரட்டித்தது. ஒழுங்கு சிறிது வந்தாலே விளைச்சல் பெருகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1985இல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த விட்டது. அத்தரிசிலேதான் பின்னர் வைஃபை முளைத்தது.

தமிழகத்திலும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. 1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் தோழர்களும் ‘கோர்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினர். கிராமத்துக்குக் கம்பி இழுக்கும் செலவே தொலைபேசிக்குத் தடையாயிருந்த காலம் அது. ஐரோப்பிய டெக்ட் முறையைத் தழுவிய இதில், வீட்டுக் கருவியே கிடைக்கக்கூடிய வழிகளை எல்லாம் செவிசாய்த்து அளந்து, இரைச்சல் மிகக் குறைந்த வழியைத் தானே தெரிந்தெடுத்தது. மத்தியிலிருந்து ஒருவர் வழி ஒதுக்கித் தரவேண்டியதில்லை. மதுரைக்கு அருகிலுள்ள மேலூர் வட்டாரத்தில் 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் வாயிலாகக் கிராமங்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் என்னும் வேகம் இன்று சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கண் நோயுற்றவரின் படம் மேலூர்க் கிராமத்திலிருந்து அரவிந்த் மருத்துவமனைக்குச் சென்றது அந்தச் சிறு வழியிலேதான்.

இவ்வெண்ணத்தை முழுமையாக்கிப் பெயரிட்டவர் ஜோசப் மித்தோலா. 1999இல் அவரும் ஜெரால்ட் மக்வாயரும் ‘அறிதிறன் வானொலி’ என்னும் கருத்தை வெளியிட்டனர். 2005இல் கனடாவின் சைமன் ஹேக்கின் அதன் கணித அடிப்படைகளை விரித்துரைத்தார். அறிதிறன் வானொலி செய்யவேண்டியவை நான்கு. சுற்றுப்புற அலைவெளியைச் செவிசாய்த்து வெற்றிடம் காண்பது முதலாவது. கண்ட வெற்றிடங்களுள் ஏற்றதைத் தெரிவது இரண்டாவது. அதனை நாடும் பிறரோடு முறைவைத்துப் பகிர்வது மூன்றாவது. உரிமையாளன் திரும்பி வந்தவுடன் தயக்கமின்றி விலகி வேறிடம் பெயர்வது நான்காவது. பரணில் இருந்த சேனைக் காவலன் அறிந்திராத செயல் இவற்றுள் ஒன்றுமில்லை. அட்டாளை இப்போது கருவிக்குள் குடியேறிவிட்டது.

எனினும் செவியை மட்டும் நம்புவதில் ஆபத்து உண்டு. மலைக்கு அப்பால் ஒரு நிலையம் அலைபரப்பிக்கொண்டிருக்கலாம். மலையின் மறைவில் உள்ள கருவிக்கு அது கேளாது; ‘வெறுமை’ என்று எண்ணி அது பேசத் தொடங்கினால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் நேயனின் பெட்டி இரையும். இதனை ‘மறைந்த நிலையச் சிக்கல்’ என்பர். இதனால்தான் அமெரிக்கா 2008இல் தொலைக்காட்சியின் வெற்றிடங்களைப் பிறருக்குத் திறந்துவிட்டு, 2010இல் விதிகளைத் திருத்தியபோது, கருவியின் செவியைக் காட்டிலும் பொதுப் பதிவேட்டையே நம்பியது. கருவி தான் நிற்கும் இடத்தைத் தெரிவித்து, அங்கே வெறுமையாயுள்ள வரிசைகள் எவை என்று பதிவேட்டைக் கேட்டறிய வேண்டும். 2011இல் வெளியான 802.22 என்னும் நியமம் பரந்த நாட்டுப்புறங்களை எண்ணி எழுதப்பட்டது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் மகாராஷ்டிரத்துப் பால்கர்க் கிராமங்களில் தொலைக்காட்சி வெற்றிடத்தைக் கொண்டு இணையம் தர முயன்றனர்.

செவியும் பதிவேடும் ஒன்றுசேர்ந்த முறை 2015இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. 3550 முதல் 3700 மெகாஹேர்ட்ஸ் வரையான வரிசையில் கடற்படை ராடாருக்கே முதலுரிமை. கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றோர் இரண்டாம் படியினர். எஞ்சிய இடத்தில் எவரும் மூன்றாம் படியினர். கடலோரம் நெடுகிலும் உணர்கருவிகள் ராடாரின் அலைக்குக் காத்திருக்கின்றன. போர்க்கப்பலின் ராடார் கேட்டவுடன் பதிவேடு மற்றவர்களைச் சில நிமிடங்களுக்குள் விலக்கிவிடும்; கப்பல் அகன்றபின் மீண்டும் இடம் தரும். 2019இல் இம்முறை வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்னொரு புறத்தில், ஒரே வரிசையை நான்காம் தலைமுறைத் தொலைபேசியும் ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசியும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கொருமுறை மாற்றி மாற்றிப் பங்கிடும் முறையும் நடைமுறைக்கு வந்தது. இதுவும் பங்கீடே, ஆயினும் ஒரே நிறுவனத்தின் வயலுக்குள் நிகழும் பங்கீடு. பிறருக்கு மதகு திறப்பது வேறு.

அட்டாளைச்சேனைக்கு இவற்றால் என்ன என்று வினவலாம். 1995 ஒக்டோபரில் இவ்வூரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, பின்னர் ஒலுவில் வளாகத்தில் நிலைபெற்றது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். தேசிய ஒலிபரப்பின் பிராந்தியக் குரலான பிறை எஃப்.எம். ஒலித்ததும் இவ்வூரிலிருந்தே. வானலை இக்கரைக்கு அந்நியமன்று. ஆனால் அதன் அருமையை இக்கரை கற்றது 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில். கடல் எழுந்து வந்த அந்நாளில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; மாண்டோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் மறைந்தனர். சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியதற்கும் இக்கரையில் அலை மோதியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு சொல் வந்து சேர அது போதுமான நேரம். அச்சொல் வரவில்லை.

அழிவுக்குப் பின்னரும் பல இடங்களில் தொலைபேசி ஊமையாயிற்று. அந்தமானில், அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தமது அமெச்சூர் வானொலியால் தீவுகளின் செய்தியை வெளியுலகுக்குக் கொணர்ந்தார். இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் அவர்தம் வானொலிச் சங்கத்தாரும் தென்கரை அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் சிற்றலைத் தொடர்பை அமைத்தனர். வணிகருக்கு விற்காமல், பழகுவோருக்கென 1927இலேயே ஒதுக்கிவைத்த சிறு துண்டுகள் அன்று உயிர்காத்தன. எல்லா நிலத்தையும் ஏலத்தில் விட்டுவிட்டால் ஊருக்குப் பொதுவான மேய்ச்சற்றரை எஞ்சாது என்பதை இது உணர்த்தும்.

பேரிடர் நாளில் அறிதிறன் வானொலியின் பயன் இங்கேயே விளங்கும். கோபுரம் வீழ்ந்து, உரிமையாளன் ஊமையாகிவிட்ட அலைவரிசை அன்று யாருக்கும் உதவாமல் வெறுமையாகக் கிடக்கும். அவ்வெறுமையைத் தானே கண்டு, மருத்துவமனையையும் அகதி முகாமையும் இணைத்து, கோபுரம் மீண்டதும் விலகிக்கொள்ளும் கருவி இருக்குமாயின், காயமுற்றோருக்குக் காலம் மிஞ்சும். கரையிலிருந்து விலகிச் செல்லும் படகுகளுக்கும், கம்பி எட்டாத உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஆனால் கருவி மட்டும் போதாது. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996இல் அதன் திருத்தத்தால் பிறந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அலைவரிசைக்குக் காவல். உரிமம் பெற்றவன் பெரும்பணம் செலுத்தியவன். தன் வரப்புக்குள் பிறர் கால்வைப்பதை அவன் எளிதில் இசையான். அவன் அச்சம் நியாயமற்றதன்று. மறைந்த நிலையத்தின் சிக்கலை அவன் அறிவான். மறுபுறத்தில், வரப்புக்குள் தரிசு கிடப்பதைக் கண்டும் கேளாமல் இருக்கக் கடைமடையானால் இயலாது. வயற்காரனின் உரிமைக்கும் கடைமடையானின் தேவைக்கும் நடுவே நின்று, எப்போது மதகை அடைப்பது, எப்போது திறப்பது என்று சொல்ல ஒருவர் வேண்டும். கிழக்கிலங்கை வயல்களில் அப்பணியை வட்டை விதானையார் செய்து வந்தார். உழவர் கூடித் தேர்ந்தெடுத்தவர் அவர். நீரின் அளவையும் அறிவார், நிலத்தின் தாகத்தையும் அறிவார்.

சேனைகள் பல வயலாகிவிட்டன, பரண்களும் மறைந்தன. ஊர்ப்பெயரில் மட்டும் அட்டாளை நிற்கிறது. வானவெளியிலோ, நூறாண்டுகள் வரப்பு இட்டு வந்த மனிதன் மீண்டும் பரணை நாடியிருக்கிறான். பரணில் விழித்திருக்கும் கருவி ஆயத்தமாகிவிட்டது. அதற்கு முறை வகுக்கும் விதானையாரைத் தேர்வதே எஞ்சியுள்ள வேலை.